பெர்லினில் தலைமறைவாக வாழ்ந்த யூதப் பெண்கள்: ரேஷன், முத்திரை, படுக்க ஓர் இடம்

கேள்வி இது: “ஹிட்லரின் தலைநகரான பெர்லினிலேயே யூதப் பெண்கள் சிலர் போர் முடியும்வரை மறைந்திருந்து தப்பித்தார்கள் என்கிறார்களே, கெஸ்டாப்போ என்ற நாஜி ரகசியப் போலீஸின் கண்ணெதிரே அது எப்படி நடந்தது? எங்கே ஒளிந்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள்?”

மறைந்து வாழ்வது என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் குடும்பம் இருந்த பின்கட்டுதான். ஒரே இடத்தில் எட்டுப் பேர், ஏறக்குறைய 25 மாதம், வெளியே தலைகாட்டாமல். பெர்லினில் நடந்தது பெரும்பாலும் அப்படியில்லை. அங்கே தலைமறைவான பெண் தெருவில் நடந்தாள், டிராமில் ஏறினாள், வீட்டு வேலைக்குப் போனாள், கடையில் வரிசையில் நின்றாள். இரண்டு வாரத்துக்கு ஓர் இடம், சில நேரம் இரவுக்கு ஓர் இடம் என்று மாறிக்கொண்டே இருந்தாள். அவள் மறைய வேண்டியிருந்தது முதலில் பதிவேடுகளிலிருந்து. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். 1933இல் பெர்லினில் சுமார் 1,60,000 யூதர்கள் இருந்தார்கள். 1941 அக்டோபர் 18 அன்று குரூனவால்ட் ரயில் நிலையத்திலிருந்து, யூதர்களை நாடுகடத்தும் முதல் ரயில் கிளம்பியது. அதே மாதம் நாட்டைவிட்டு வெளியேறுவதும் தடைசெய்யப்பட்டது. அதன்பின் சட்டப்படி தப்ப வழியே இல்லை. தலைமறைவானவர்கள் பெர்லினில் சுமார் 7,000 பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. போர் முடியும்போது உயிரோடு இருந்தவர்கள் சுமார் 1,700. நான்கில் மூவர் பிடிபட்டார்கள், அல்லது குண்டுவீச்சிலோ நோயிலோ இறந்தார்கள். தப்பியவர்களின் கதைகளைப் படிக்கும்போது இந்த விகிதம் மனதில் இருக்க வேண்டும்.

பிழைத்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். காரணம் எளிது. ராணுவ வயதில் இருக்கும் ஓர் ஆண் சாதாரண உடையில் பகலில் தெருவில் நடந்தாலே ராணுவப் போலீஸ் நிறுத்தும். போர்முனையிலிருந்து ஓடிவந்தவனா என்று காகிதம் கேட்கும். சந்தேகம் வந்தால் ஆணின் உடலிலேயே சுன்னத்தின் அடையாளம் இருந்தது. பெண்ணுக்கு இந்த இரண்டு ஆபத்தும் இல்லை. வேலைக்காரி, குழந்தை பார்த்துக்கொள்பவள், வீடு குண்டில் போன உறவுக்காரி என்று ஒரு குடும்பத்துக்குள் அவளைப் பொருத்திக் காட்டுவதும் சுலபம். ஆனால் பெண்ணிடம் மட்டும் கேட்கப்பட்ட விலை ஒன்று இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எப்போது கிளம்புவது என்பதுதான் முதல் கேள்வி. நாடுகடத்தல் பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு 16 பக்கப் படிவம் ஒன்று வரும். வீட்டிலிருக்கும் நாற்காலி, போர்வை, உள்ளாடை வரை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ரயிலேறியதும் சொத்து முழுவதும் அரசுக்குப் போகும். அந்தப் படிவம் கையில் வந்துவிட்டால் மிச்சமிருப்பது சில நாட்கள்தான். பலர் அதைப் பார்த்த பிறகே முடிவெடுத்தார்கள். அதுகூட இல்லாமல் ஒரேயடியாக வாரிக்கொண்டு போன நாள் 1943 பிப்ரவரி 27. ஆயுதத் தொழிற்சாலைகளில் கட்டாய வேலையில் இருந்த யூதர்களை வேலையிடத்திலேயே வளைத்து லாரிகளில் ஏற்றினார்கள். முன்கூட்டியே காதில் விழுந்து அன்று வேலைக்குப் போகாமலிருந்த ஆயிரக்கணக்கானோர் அந்த வாரத்திலேயே தலைமறைவானார்கள். கையில் எந்த ஏற்பாடும் இல்லாமல் இறங்கியவர்கள் இவர்கள். இவர்களில் பலர் சில மாதங்களில் பிடிபட்டார்கள்.

ஏற்பாடு என்றால் என்ன? முதலில் உடை. 1941 செப்டம்பர் 19 முதல் ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூதரும் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும். குத்தூசியில் மாட்டக்கூடாது, அழுத்தமாகத் தைத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் வெயிலில் நடந்த கோட்டிலிருந்து அதைப் பிரித்தால், துணி வெளுக்காத ஆறுமுனைத் தடமும் ஊசித் துளைகளும் அப்படியே தெரியும். அதனால் நட்சத்திரம் தைக்காத வேறு கோட்டு ஒன்று வேண்டும். பெட்டியோடு வெளியேறுவதும் கூடாது. யூதர் வசிக்கும் வீட்டிலிருந்து மாலையில் பெட்டியோடு இறங்கும் பெண்ணை வாசல்காரி கவனிப்பாள். எனவே துணிமணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைப்பையில் முன்பே தெரிந்தவர் வீட்டில் சேர்த்துவிடுவார்கள். தற்கொலைக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்த ஆண்டுகளில் நாடுகடத்தலுக்கு அஞ்சி உண்மையாகவே உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் மிகப் பலர் என்பதால் அதிகாரிகள் அதை நம்பினார்கள்.

இனி பதிவேடு. ஜெர்மனியில் குடிமாறும் எவரும் போலீஸில் பதிய வேண்டும். அந்தப் பதிவை வைத்துத்தான் ரேஷன் அட்டை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதிதாகத் தருவார்கள், பொருளுக்கு ஒரு நிறம். பதிவு இல்லையென்றால் அட்டை இல்லை, அட்டை இல்லையென்றால் காசு இருந்தும் ரொட்டி இல்லை. யூதர்களின் அடையாள அட்டையில் பெரிய ‘ஜே’ எழுத்து இருந்தது. 1939 முதல் யூதப் பெண்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரோடு ‘சாரா’ என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஆகவே பழைய காகிதம் எதற்கும் உதவாது. புதுக் காகிதம் வேண்டும், அல்லது காகிதமே கேட்காத இடமாகப் பார்த்து வாழ வேண்டும்.

பதிவேட்டிலிருந்து வெளியேறுவதை மாரி யாலோவிச் அளவுக்குக் கூர்மையாகச் செய்தவர்கள் குறைவு. 1922இல் பெர்லினில் பிறந்தவர். தாய் 1938இலும் வழக்கறிஞரான தந்தை 1941 மார்ச்சிலும் இறந்துவிட, 19 வயதுகூட நிறையாமல் தனியானவர். சீமென்ஸ் ஆலையில் கடைசல் இயந்திரத்தில் கட்டாய வேலை. யூதத் தொழிலாளி தானாக விலக முடியாது என்பதால், மேற்பார்வையாளரிடம் பேசித் தன்னை வேலைநீக்கம் செய்ய வைத்தார். அடுத்த வேலைக்கு வரச் சொல்லி வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வாசலில் நின்ற தபால்காரரிடம், அந்தப் பெண்ணைக் கிழக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டார். தபால்காரர் உறையின்மேல் அப்படியே குறித்துத் திருப்பி அனுப்ப, அலுவலகத்தில் அவருடைய அட்டை அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டது. ஓர் அலுவலகத்தைப் பொறுத்தவரை அவர் அன்றே இல்லாமல் போனார். இதனால் அவர் தப்பிவிடவில்லை. கெஸ்டாப்போவின் பட்டியல் வேறு. ஆனால் நாஜி நிர்வாகத்தின் பலவீனம் எங்கே இருந்தது என்பதை இது காட்டுகிறது: ஒவ்வோர் அலுவலகமும் தன் அட்டையை மட்டுமே நம்பியது.

1942 ஜூன் 22 காலை ஆறு மணிக்கு கெஸ்டாப்போ ஆள் அவர் தங்கியிருந்த வீட்டுக்கு வந்தான். மாரி விவரம் தெரியாத பெண்போல் பேசி, வழிக்குச் சாப்பாடு வாங்கிவருகிறேன் என்று உள்பாவாடையோடு கீழே இறங்கினார். உடை உடுத்தாத பெண் ஓடமாட்டாள் என்று அவன் நினைத்தான். வீட்டுக்கார அம்மா அவனைப் பேச்சில் நிறுத்திவைக்க, மாரி தெருவில் இறங்கிப் போனவர்தான். அதன்பின் ஏறக்குறைய மூன்றாண்டு தலைமறைவு.

அவருடைய காகிதம் வந்தது பெர்லினின் கிழக்கோரத்தில் கௌல்ஸ்டார்ஃபில் இருந்த யோஹன்னா கோஹ் என்ற பெண்ணிடமிருந்து. மாரியைவிட 17 வயது மூத்தவர். அவருடைய அடையாள அட்டையில் படத்தை மாற்றி மாரி வைத்துக்கொண்டார். உண்மையான ஒருவரின் காகிதத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைக் கவனியுங்கள். தெருவில் நிறுத்தும் போலீஸ்காரன் அந்தப் பெயரை விசாரித்தால் அப்படி ஒருவர் பதிவில் இருப்பார். இது பெரிய பலம். ஆனால் அதே பெயரில் ரேஷன் அட்டை வாங்க முடியாது. உண்மையான யோஹன்னா அதை ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒரே பெயர் இரண்டு இடத்தில் பதிவானால் இரண்டு பெண்களும் மாட்டுவார்கள். அதனால் கோஹ் குடும்பம் தன் தட்டிலிருந்தே பங்கு கொடுத்தது. 1942 ஏப்ரலில் சாதாரண ஜெர்மானியருக்கான இறைச்சி வாரத்துக்கு 400 கிராமிலிருந்து 300 கிராமாகக் குறைந்துவிட்டது என்பதை நினைத்தால் அந்தப் பங்கின் அளவு தெரியும்.

போலிக் காகிதம் செய்தவர்களும் இருந்தார்கள். தாலெம் பகுதியிலிருந்த நாஜி எதிர்ப்புத் தேவாலயச் சபையினர் சிலர் தங்கள் அடையாள அட்டையையே காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு, தொலைந்துபோனது என்று புகார் செய்து புதியது வாங்கிக்கொண்டார்கள். அந்த அட்டைகள் ஃபிரான்ஸ் கௌஃப்மான் என்ற முன்னாள் அரசு அதிகாரி வழியாக, வரைகலை படித்த யூத இளைஞர் சியோமா ஷோன்ஹௌஸிடம் போகும். வயதும் பாலும் பொருந்தும் ஆளுக்கு அட்டையைத் தேர்ந்து, பழைய படத்தை எடுத்துப் புதியதைப் பொருத்துவார். கடினமானது படத்தை ஒட்டுவது அல்ல. பாதி படத்தின்மேலும் பாதி அட்டையின்மேலும் விழுந்திருக்கும் கழுகு முத்திரைதான் கடினம். புதுப் படத்தின் மூலையில் விடுபட்ட அந்த முத்திரை வளைவை அதே ஊதா நிறத்தில் மெல்லிய தூரிகையால் வரைய வேண்டும். கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணில் படும். 1943இல் ஒருவர் காட்டிக்கொடுக்க, இந்தக் குழு சிக்கியது. கௌஃப்மான் 1944இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஷோன்ஹௌஸ் தானே செய்த காகிதத்தோடு சைக்கிளில் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

எளிமையான இன்னொரு வழி தபால் அடையாள அட்டை. பதிவுத் தபால் வாங்குவதற்காகத் தபால் நிலையமே தரும் படம் ஒட்டிய அட்டை அது. தபால்காரர் உங்களை இன்னார் என்று அறிந்திருந்தால் போதும். ஒரு போலிப் பெயரில் ஓரிரு மாதம் ஒரு முகவரிக்குக் கடிதம் வரவைத்தால், தபால்காரருக்கு அந்தப் பெயரும் முகமும் பழகிவிடும். மேலோட்டமான சோதனைக்கு அது போதும். காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய் விசாரித்தால் நிற்காது.

சாப்பாட்டுக்கு மூன்று வழிகள். உதவுபவர்களின் பங்கு, கள்ளச்சந்தை, பயணக் கூப்பன். கடைசியானது ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கானது. பெயர் இருக்காது, எந்த உணவகத்திலும் செல்லும், எனவே தலைமறைவானவர்களிடையே பணத்தைவிட மதிப்பு அதற்கு. சில உணவகங்களில் கூப்பன் இல்லாமலே ஒரு காய்கறிக் கூழ் கிடைக்கும். ஆனால் ஒரே கடையில் அடிக்கடி உட்கார்ந்தால் முகம் பதிந்துவிடும்.

தங்குமிடத்துக்கு வருவோம். பூட்டிய அறையில் பகல் முழுவதும் இருக்க நேர்ந்தால் விதிகள் கடுமை. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கும்போது நடக்கக்கூடாது, குழாயைத் திறக்கக்கூடாது, கழிப்பறையில் தண்ணீர் இழுக்கக்கூடாது. காலியான வீட்டில் தண்ணீர் ஓடும் சத்தம்தான் கீழ்வீட்டுக்காரருக்கு முதலில் கேட்கும். இந்தச் சிறை வேண்டாமென்று பல பெண்கள் விடிந்ததும் வெளியேறி, இருட்டும்வரை ரயிலிலும் பூங்காவிலும் நூலகத்திலும் பொழுதைப் போக்கினார்கள். தோற்றம் கசங்கக்கூடாது. தலை வாரி, காலணி துடைத்து, எங்கோ போகிற வேகத்தில் நடக்க வேண்டும். தயங்கி நிற்பவளைத்தான் போலீஸ் பார்க்கும்.

குண்டுவீச்சு இரட்டை முகம் கொண்டது. சைரன் ஒலித்தால் குடியிருப்பவர்கள் எல்லோரும் நிலவறைக்குப் போவார்கள். அங்கே பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு ஒவ்வொரு முகமும் தெரியும், புது முகம் என்றால் கேட்பார். அதனால் மறைந்திருந்தவர்கள் மேல்மாடியிலேயே இருந்து குண்டுகளுக்குக் காத்திருந்தார்கள். ஆனால் 1943 நவம்பரில் பெருந்தாக்குதல்கள் தொடங்கிய பின், முழுத் தெருக்களும் அவற்றோடு பதிவு அலுவலகங்களும் எரிந்தன. எரிந்துபோன ஒரு முகவரியைச் சொல்லி, காகிதம் எல்லாம் தீயில் போனது என்று வரிசையில் நின்றால், குண்டால் வீடிழந்தவர் என்ற சான்றிதழ் கிடைக்கும். அதோடு ரேஷன் அட்டையும். சொல்லும் தெருவும் எண்ணும் அன்று உண்மையாகவே எரிந்ததாக இருக்க வேண்டும், அந்தத் தெருவின் பதிவேடும் போயிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கைதுதான்.

இங்கே டாய்ச்க்ரோன் என்ற பெண் இதை இன்னொரு விதமாகச் செய்தார். அவரும் 1922இல் பிறந்தவர். தந்தை சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், 1939இல் இங்கிலாந்து போய்விட்டார். 1943 ஜனவரியில் சலவைக்கடை நடத்திய எம்மா கும்ஸ் என்ற பெண், போலந்தில் யூதர்களுக்கு நடப்பதை ஒரு சிப்பாய் வாயிலாகக் கேட்டு, மகள் டாய்ச்க்ரோனையும் தாய் எல்லா டாய்ச்க்ரோனையும் நாடுகடத்தலுக்குப் போகவேண்டாம் என்று தன்னிடம் வரவழைத்தார். அதன்பின் தந்தையின் பழைய கட்சி நண்பர்கள் வீடு வீடாக மாற்றினார்கள். கடைசி மாதங்களில் பாட்ஸ்டாமில் ஆட்டுக் கொட்டகையாக இருந்த ஒன்றில் தங்கினார்கள். 1945 தொடக்கத்தில் சோவியத் ராணுவமான செம்படைக்கு அஞ்சிக் கிழக்கிலிருந்து அகதிகள் பெர்லினில் குவிந்தபோது, தாயும் மகளும் ரயிலேறி நகருக்கு வெளியே போய், அகதிகள் கூட்டத்தோடு திரும்பி வந்து, நாங்கள் கூபன் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள், காகிதம் தொலைந்தது என்று பதிந்துகொண்டார்கள். அன்றுமுதல் சட்டப்படி ரேஷன். செம்படை அந்த ஊரை நெருங்கிக்கொண்டிருந்ததால் அங்கே கேட்டுச் சரிபார்க்க யாராலும் முடியவில்லை.

பிடிபட்டது எப்படி என்பதைப் பார்த்தால், சோதனையில் சிக்கியவர்களைவிட ஆட்களால் சிக்கியவர்கள் கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. கெஸ்டாப்போ பிடித்த யூதர்கள் சிலரையே, குடும்பத்தை அனுப்பாமல் வைத்திருக்கிறோம் என்று சொல்லி ஆள்பிடிப்பவர்களாக்கியது. ஸ்டெல்லா கோல்ட்ஷ்லாக் அவர்களில் பெயர் போனவர். பள்ளித் தோழிகளையும் பழைய அயலாரையும் முகம் தெரியும் என்பதே அவருடைய ஆயுதம்; குர்ஃபுர்ஸ்டென்டாம் வீதிக் காபிக்கடைகளிலும் நாடக அரங்குகளிலும் தேடினார். அவருடைய பெற்றோரையும் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். எனவே தெரிந்த முகத்தை எதிரில் கண்டால் வேறு பக்கம் திரும்பிவிட வேண்டும் என்பது எழுதாத விதி. தனிமையில் வாடும் ஒருவருக்கு இதைவிடக் கடினமானது இல்லை.

அந்த விதி தவறிய இடம் ஒன்று இன்றும் இருக்கிறது. ரோசன்தாலர் வீதி 39இல் ஓட்டோ வைட், பார்வையற்றவர்களையும் காதுகேளாதவர்களையும் வைத்து துடைப்பமும் தூரிகையும் செய்யும் பட்டறை நடத்தினார். அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். ராணுவத்துக்குச் சரக்கு கொடுப்பதைக் காட்டி, கெஸ்டாப்போவுக்கு லஞ்சம் கொடுத்து, அவர்களைத் தக்கவைத்தார். மேலே சொன்ன டாய்ச்க்ரோனும் அங்கே வேலை பார்த்தவர்தான். பட்டறையின் கடைசி அறைக்கு ஜன்னல் இல்லை. அதன் வாசலை ஒரு துணி அலமாரி மறைத்தது. அலமாரியின் பின்பலகை கழலும். தொங்கும் கோட்டுகளை விலக்கி உள்ளே போகலாம். ஹார்ன் குடும்பத்தின் நால்வர் அங்கே இருந்தார்கள். வெளியே போன ஹைம் ஹார்ன் பழைய தெரிந்தவர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசினார், அவர் ஆள்பிடிப்பவர். 1943 அக்டோபரில் நால்வரும் பிடிபட்டு ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொல்லப்பட்டார்கள். பலகை கச்சிதமாகத்தான் இருந்தது.

உதவியவர்களைப் பற்றிப் பரவலாக இருக்கும் ஒரு தவறான கருத்து: யூதரை ஒளித்தால் எங்கும் மரண தண்டனை என்பது. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் 1941 அக்டோபர் முதல் அது சட்டமாகவே இருந்தது. ஜெர்மனிக்குள் அப்படி ஒரு சட்டம் இல்லை. எச்சரிக்கையிலிருந்து வதை முகாம் வரை கெஸ்டாப்போவின் விருப்பப்படி எதுவும் நடக்கலாம். இதை வைத்து, அப்படியானால் உதவியவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன்.

உதவியவர்கள் எல்லோரும் நல்ல உள்ளத்தோடு உதவினார்கள் என்றும் சொல்ல முடியாது. பெண்ணிடம் மட்டும் கேட்கப்பட்ட விலை என்றேனே, அது இதுதான்: படுக்கைக்கு ஈடாக உடல். சிலர் வெளிப்படையாகக் கேட்டார்கள்; சிலர் கேட்காமலே எதிர்பார்த்தார்கள். மாரி இதை மறைக்காமல் சொன்னவர். நொய்கோல்னில் இருந்த யூத மகப்பேறு மருத்துவர் பென்னோ ஹெல்லர், தனக்குக் கடன்பட்ட நோயாளிகளின் வீடுகளில் மாரிக்கு இடம் கேட்டு வாங்கினார்; 1943இல் கைதான ஹெல்லர் திரும்பவில்லை. அதன்பின் ஓபர்பௌம் பாலத்தருகே, நாஜி ஆதரவாளரான வயதான விதவை ஒருத்தியின் வீட்டில், ஒரு டச்சுத் தொழிலாளியின் துணைவியாக மாரி தங்கினார். அவன் அடிப்பான். ஆனால் ஜோடியாக வாடகை கொடுத்துக் குடியிருக்கும் பெண்ணை யாரும் துருவவில்லை. போர் முடியும் நாட்கள்வரை அந்த இடம் அவரைக் காத்தது. வந்து சேர்ந்த சோவியத் சிப்பாய்கள், பெர்லினில் யூதர் உயிரோடு இருக்க முடியும் என்பதையே பலமுறை நம்பவில்லை. மறைந்திருந்த பெண்களில் பலர், மாரி உட்பட, விடுதலையான அதே நாட்களில் பலாத்காரத்துக்கு உள்ளானார்கள்.

மாரி பெர்லினிலேயே இருந்து, மாரி சீமோன் என்ற பெயரில் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஐம்பது ஆண்டுகள் இதைப் பற்றி ஏறக்குறைய எதுவும் பேசவில்லை. 1997 கடைசியில் மகன் ஹெர்மான் சீமோன் ஒலிப்பதிவுக் கருவியை முன்னால் வைத்த பிறகே பேசத் தொடங்கினார்; 77 ஒலிநாடாக்கள் ஆயின. 1998 செப்டம்பரில் இறந்தார். முன்பே பேசிய பெண்கள் பலர் உணவையும் கூரையையும் பற்றிச் சொன்ன அளவுக்கு இந்த விலையைப் பற்றிச் சொல்லவில்லை. அதனால் பழைய சாட்சியங்களைப் படிக்கும்போது, ‘ஒரு வீட்டில் சில வாரம் தங்கினேன்’ என்ற ஒற்றை வரி வரும் இடங்களில் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள்.

நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால், வைட்டின் பட்டறை இப்போது அருங்காட்சியகம். அந்த ஜன்னலில்லா அறைக்குள் போகலாம். உதவியவர்களையும் உதவி பெற்றவர்களையும் பற்றிய ஆவணங்கள் ஸ்டௌஃபன்பர்க் வீதியில் உள்ள ஜெர்மன் எதிர்ப்பு நினைவகத்தில், ‘மௌன நாயகர்கள்’ நினைவிடப் பிரிவில் இருக்கின்றன. குரூனவால்ட் நிலையத்தின் 17ஆம் தடத்தில், கிளம்பிய ஒவ்வொரு ரயிலின் தேதியும் அதில் ஏற்றப்பட்டவர்களின் எண்ணிக்கையும் போன ஊரும் நடைமேடை ஓரத்து எஃகுத் தகடுகளில் வார்க்கப்பட்டுள்ளன.